மகளுக்கு விட்னஸ் வேடம்தான் கிடைத்தது: மாக் ட்ரையல் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மார்கழிக்கோலம் | செப்டம்பர் 21

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டிமாயின் நகரத்துப் பக்கம் இருக்கிறோம், வந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் ஏழாம் வகுப்பு. இந்த வருஷம் பள்ளியில் மாக் ட்ரையல் அணியில் சேர்ந்தாள், அதாவது பிள்ளைகள் ஒரு கற்பனை வழக்கை நிஜக் கோர்ட் மாதிரியே நடத்திக் காட்டும் போட்டி. அட்டர்னியாக (வக்கீலாக) வர வேண்டும் என்று கோடை விடுமுறை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். நேற்று லிஸ்ட் வந்தது, அவளுக்கு விட்னஸ், அதாவது சாட்சி வேடம். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஸ்பெல்லிங் பீ தெரியும், மேடைப் பேச்சு தெரியும், மனப்பாடம் செய்ய வைத்துப் பழக்கம். அதனால் அவள் நடிக்கும் சாட்சியின் வாக்குமூலத்தை வாங்கிப் படித்துவிட்டு, என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து நாலு பக்கத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை பிராக்டிஸுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். இன்று கோச் மெயில் அனுப்பியிருக்கிறார், பெற்றோர் எழுதித் தர வேண்டாம் என்று. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிப்போனது.

ஊரில் மாமியாரிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. “நடக்காத விஷயத்துக்குப் பிள்ளையைச் சாட்சி சொல்லச் சொல்லித் தருகிறார்களா?” விட்னஸ் என்பது சும்மா ஆள் கணக்குக்கா, இல்லை உண்மையிலேயே அதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? நான் எதில் உதவலாம், எதில் தள்ளி நிற்க வேண்டும்?


சோளக்காடு | செப்டம்பர் 21

அக்கா, என் பையன் இரண்டு வருஷம் இதே அயோவா மிடில் ஸ்கூல் போட்டியில் இருந்தான், இப்போது ஹைஸ்கூல். ஸ்டேட் பார் அசோசியேஷன், அதாவது வக்கீல்கள் சங்கம் நடத்துவது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. இந்த மாநிலத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஹைஸ்கூல் தேசியப் போட்டியே 1984ல் டிமாயினில்தான் ஆரம்பித்தது, கல்லூரிகளுக்கான சங்கத்தையும் மறு வருஷம் இங்கே டிரேக் யுனிவர்சிட்டியில்தான் தொடங்கினார்கள்.

எப்படி நடக்கும் என்றால், எல்லா அணிக்கும் ஒரே வழக்குக் கட்டுதான் தருவார்கள். கற்பனை வழக்கு. உள்ளே சாட்சிகளின் வாக்குமூலங்கள், சான்றாவணங்கள் (போட்டோ, வரைபடம், ரசீது மாதிரி), அந்த வழக்குக்குப் பொருந்தும் சட்டம், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயங்கள், அப்புறம் சுருக்கிய சாட்சிய விதிகள். சாட்சிகளின் பெயரைக்கூட ஆணா பெண்ணா என்று தெரியாத மாதிரி வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். கட்டில் இல்லாத எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. கூகுளில் தேடிப் பிடித்த சட்டம், டிவியில் பார்த்த தந்திரம், எதுவும் செல்லாது.

ஒவ்வொரு அணியும் இரண்டு தரப்புக்கும் தயாராக வேண்டும். காலையில் வழக்குத் தொடுத்தவர் பக்கம், அடுத்த சுற்றில் எதிர்த் தரப்பு. காலையில் எந்தச் சாட்சியைக் கிழித்தார்களோ அதே சாட்சியை அடுத்த சுற்றில் காப்பாற்ற வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை அக்கா. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு, தான் நம்புகிற பக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தானே தேடச் சொல்லித்தருவது வேறு எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

லிஸ்டைச் சரியாகப் பார்த்தீர்களா? பல அணிகளில் ஒரு தரப்புக்கு விட்னஸாக இருக்கும் பிள்ளை இன்னொரு தரப்புக்கு அட்டர்னியாக இருக்கும்.


மார்கழிக்கோலம் | செப்டம்பர் 21

பார்த்தேன். இரண்டு பக்கமும் விட்னஸ்தான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு அழுகை.


கரிசல்காட்டான் | செப்டம்பர் 22

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி என்று நினைக்கிறேன். காலையில் ஒரு பக்கம் நியாயம் என்று அடித்துப் பேசிவிட்டு மதியம் மறு பக்கம் நியாயம் என்று அதே வேகத்தில் பேசுகிற பிள்ளைக்கு உண்மை என்று ஒன்று இருப்பதாக எப்படித் தோன்றும்? வளர்ந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது வேறு. என் அண்ணன் ஒரு நிலத் தகராறில் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார். கண்ணெதிரே நடந்ததை நடக்கவில்லை என்று சொன்ன சாட்சிகளைப் பார்த்துப் பார்த்தே அவர் உடம்பு கெட்டது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோர்ட் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருப்பதை என்னால் சுலபமாக ஏற்க முடியவில்லை.


பழைய வக்கீல் | செப்டம்பர் 23

கரிசல்காட்டான், உங்கள் அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியாத பாடு இல்லை. மதுரையில் ஒன்பது வருஷம் கறுப்புக் கோட்டுப் போட்டவன் நான். இங்கே வந்து மறுபடி படித்து உரிமம் வாங்கி, ஒவ்வொரு இலையுதிர் காலமும் இந்தப் போட்டியில் மதிப்பெண் போடும் நீதிபதியாகத் தன்னார்வமாக உட்கார்கிறேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் அந்தப் பெண் குழந்தை விட்னஸ் ஆனதைப் பற்றி.

அம்மா, மதிப்பெண் எப்படி என்றால், தொடக்க உரை, நேர் விசாரணை (தன் தரப்புச் சாட்சியைத் தானே கேட்பது), குறுக்கு விசாரணை (எதிர்த் தரப்புச் சாட்சியைக் கேட்பது), முடிவுரை, ஒவ்வொரு சாட்சி, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எண் போடுவோம். வக்கீலுக்கு என்ன உச்ச மதிப்பெண்ணோ அதேதான் சாட்சிக்கும். ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, உட்கார வேண்டிய இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். (நம் ஊரில் ஜூரி முறை 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது, அதனால் இந்தக் காட்சி நமக்குப் புதிது. இன்னொன்று, நம் ஊரில் சாட்சி கூண்டில் நிற்பார், இங்கே நீதிபதிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். அந்த நாற்காலியில் கால் தரையைத் தொடாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.)

வக்கீலாக வரும் பிள்ளைக்குக் கையில் தாள் இருக்கும், மேசை இருக்கும், பக்கத்தில் கூட்டாளி இருப்பான். சாட்சிக்கு எதுவும் கிடையாது. தன் வாக்குமூலத்தை வரி பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒப்பிக்கக் கூடாது. எதிர்த் தரப்பு எந்த வரியிலிருந்து கேட்கும் என்று தெரியாது. கேள்வியை முழுசாகக் கேட்டு, அதில் எந்தப் பாதி உண்மை எந்தப் பாதி இல்லை என்று அந்த நொடியில் பிரிக்க வேண்டும். அணியின் கெட்டிக்காரப் பிள்ளையைச் சாட்சியாகப் போடும் கோச்சுகளை எனக்குத் தெரியும். உங்கள் கோச் என்ன நினைத்தார் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு தரப்பிலும் சாட்சி என்பது ஆள் கணக்குக்குப் போட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதிய நாலு பக்கத்தைப் பற்றி. ஒரு சுற்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் குறுக்கு விசாரணை செய்தாள். கையில் அழகாக அச்சடித்த பன்னிரண்டு கேள்விகள், கண்டிப்பாக யாரோ பெரியவர் எழுதியவை, நல்ல கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு எதிர்த் தரப்புச் சாட்சி உளறிவிட்டான். தன் வாக்குமூலத்துக்கு நேர் மாறாக ஒன்றைச் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்த வாக்குமூலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்து, “இதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்தானே, இந்த வரியைப் படியுங்கள்” என்றால் முடிந்தது கதை. அவள் “நன்றி” என்று சொல்லிவிட்டு நாலாவது கேள்விக்குப் போய்விட்டாள். காதில் விழவே இல்லை. அடுத்த வரி எங்கே என்று தாளில் தேடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு எதிரில் இருப்பவன் பேசுவது எப்படிக் கேட்கும்? எழுதிக் கொடுத்தவர் அன்பால்தான் எழுதிக் கொடுத்திருப்பார்.

இப்போது உண்மை பற்றி. இந்தப் போட்டியில் சாட்சி பொய் சொன்னால் அதற்கு வழி இருக்கிறது, அதைப் பிடிப்பதுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற பாதி. வாக்குமூலத்தில் இருப்பதை “ஞாபகம் இல்லை” என்று மழுப்பினால், தாளைக் காட்டி ஞாபகப்படுத்துவார்கள். இல்லாத சங்கதியை, அதுவும் வழக்கையே திருப்பிப்போடுகிற சங்கதியை, இட்டுக்கட்டினால் அதைச் சுட்டிக்காட்டலாம், நாங்களும் மதிப்பெண்ணைக் குறைப்போம். உங்கள் அண்ணன் வழக்கில் அந்தச் சாட்சிகளைச் சரியான குறுக்கு விசாரணை செய்ய ஒருவர் இருந்தாரா? அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.


கரிசல்காட்டான் | செப்டம்பர் 23

இல்லை சார். எங்கள் வக்கீல் பாதி நாள் வாய்தா வாங்கினார்.


மார்கழிக்கோலம் | செப்டம்பர் 24

சார், ரொம்ப நன்றி. படித்துவிட்டு அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் எப்படிப் பழகுவது? அட்டர்னி பிள்ளைகள் அவர்களுக்குள் பேசிப் பழகுகிறார்கள். இவள் தனியாக அறையில் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.


பழைய வக்கீல் | செப்டம்பர் 24

நீங்கள் எதிர்த் தரப்பு வக்கீல் ஆகிவிடுங்கள். பதில் எழுதித் தராதீர்கள், கேள்வி கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், அவள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லட்டும். மொழி மாறும்போது மனப்பாடம் உதவாது, விஷயம் புரிந்திருந்தால்தான் பதில் வரும்.

நேர் விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. “நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள்” என்று திறந்து கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையில் அப்படியே தலைகீழ். “நீங்கள் முப்பதடி தள்ளி நின்றீர்கள், சரியா? அப்போது இருட்டிவிட்டது, சரியா? கண்ணாடி போடவில்லை, சரியா?” என்று ஒவ்வொரு செங்கலாக அடுக்கிப் போக வேண்டும். நம் ஊரில் 2024 வரை இருந்த 1872 சாட்சியச் சட்டத்திலும் இதேதான், 141 முதல் 143 வரையுள்ள பிரிவுகள். இங்கே ஃபெடரல் சாட்சிய விதிகளில் 611. “சரியா, சரியா” என்று வேகமாக வரும்போது தலையாட்டிக்கொண்டே போகிற பிள்ளை, நடுவில் கொஞ்சம் மாற்றிப் போட்ட ஒரு கேள்விக்கும் ஆமாம் போட்டுவிடும். அங்கேதான் நிறுத்தி, “அந்தப் பாதி சரி, இந்தப் பாதி நான் சொல்லவில்லை” என்று சொல்லப் பழக வேண்டும். சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

ஹியர்ஸே, அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாகச் சொல்வது, அது மட்டும் எல்லாப் பிள்ளையையும் குழப்பும். “பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் சொன்னான், அவள்தான் சைக்கிளை எடுத்தாளாம்” என்று சாட்சி சொன்னால், எடுத்தாள் என்று நிரூபிக்க அது உதவாது. சொன்னவன் இங்கே இல்லை, அவனை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் விதி தானாகப் புரியும். காரணம் தெரியாமல் “ஹியர்ஸே!” என்று எழுந்து நிற்கிற பிள்ளை, நீதிபதி “ஏன்?” என்று கேட்டதும் உட்கார்ந்துவிடும்.


எட்டாம் வகுப்பு அப்பா | செப்டம்பர் 26

சார் சொல்வதெல்லாம் சரி, ஆனால் போன வருஷம் எங்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் அணி வழக்கில் ஜெயித்தது, அதாவது நடுவில் இருந்த நீதிபதி எங்கள் தரப்புக்குத் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அப்புறம் பார்த்தால் மதிப்பெண்ணில் தோற்றுவிட்டோம். ஒரே பிள்ளைக்கு ஒருவர் 9 போடுகிறார், பக்கத்தில் இருக்கிறவர் 6 போடுகிறார். பையனுக்கு என்ன சொல்வது? இன்னொரு அணியில் எட்டாம் வகுப்புப் பையன் பேசிய முடிவுரையைக் கேட்டால் அது பையன் எழுதியது இல்லை என்று யாருக்கும் தெரியும். எழுதித் தருகிறவர்கள் தந்துகொண்டேதான் இருக்கிறார்கள், விதியை மதிக்கிற வீட்டுப் பிள்ளைகள் தோற்கிறார்கள்.


பழைய வக்கீல் | செப்டம்பர் 26

தீர்ப்பும் மதிப்பெண்ணும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும். வழக்கு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் கிடைத்த அணியே ஜெயித்துவிடுமே, அதற்காகத்தான் யார் எவ்வளவு நன்றாக நடத்தினார்கள் என்று தனியாகப் பார்க்கிறோம். இதைக் கோச்சுகள் முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது தப்பு. 9க்கும் 6க்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். சிலர் இந்த வேலைக்கு முதல் தடவை வருகிறார்கள். நான் உட்காரும் சுற்றுகளில், சுற்று முடிந்து பிள்ளைகளிடம் பேசும்போது ஏன் அப்படித் தோன்றியது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தையாவது சொல்லிவிடுவேன்.

பெரியவர் எழுதிய முடிவுரை எங்களுக்கும் தெரியும். சாட்சி சொல்லாத ஒன்றைச் சாட்சி சொன்னதாக முடிவுரையில் படிப்பார்கள், ஏனென்றால் அது மூன்று வாரம் முன்பே எழுதியது. அன்றைக்கு அந்த அறையில் நடந்தது அதில் இருக்காது. அங்கே எண் குறைகிறது, உங்கள் பையனுக்குச் சொல்லுங்கள்.


சோளக்காடு | செப்டம்பர் 28

கரிசல்காட்டான் அண்ணா, நீங்கள் எழுதியதிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளும் கோர்ட்டும் என்றால் இந்த ஊரில் ஒரு நிஜக் கதை இருக்கிறது.

1965 டிசம்பர், டிமாயினில் வாரன் ஹார்டிங் ஜூனியர் ஹை என்ற பள்ளி. மேரி பெத் டிங்கர் என்ற பெண் எட்டாம் வகுப்பு, வயசு பதின்மூன்று. வியட்நாமில் செத்தவர்களுக்குத் துக்கமாகக் கறுப்புத் துணிப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அவள் அண்ணனும் இன்னும் சிலரும் அவரவர் பள்ளிக்கு அப்படியே போனார்கள். கட்டக் கூடாது என்று தலைமையாசிரியர்கள் முன்பே முடிவெடுத்திருந்தார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள். குடும்பங்கள் வழக்குப் போட்டன. கீழ் கோர்ட்டில் தோல்வி. அப்பீலில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தோல்வி அப்படியே நின்றது. கடைசியில் 1969 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 7க்கு 2 என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பள்ளி வாசலைத் தாண்டினதும் மாணவர்களின் பேச்சுரிமை போய்விடாது என்ற கருத்து அதில்தான் வருகிறது.

என் பையனின் கோச் அந்தத் தீர்ப்பைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். அதில் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது பெரிய தத்துவம் இல்லை. அந்தப் பட்டையால் வகுப்பு நடப்பதில் நிஜமாகவே குலைவு ஏற்பட்டதா, அதற்குச் சாட்சியம் என்ன இருக்கிறது என்று கோர்ட் கேட்டதுதான். குழப்பம் வரலாம் என்ற பயம் இருந்தது, வந்ததற்குச் சான்று இல்லை. அதே பள்ளிகளில் தேர்தல் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்த பிள்ளைகளையும், நாஜிகளின் சின்னமாகப் பார்க்கப்பட்ட இரும்புச் சிலுவை போட்டுவந்த பிள்ளைகளையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் வழக்குப் பதிவில் இருந்தது. இதைப் படித்துவிட்டு என் பையன் காரில் வரும்போது கேட்டான், “அப்போ யாராவது இதையெல்லாம் கோர்ட்டில் சொல்லாமல் விட்டிருந்தால்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.


கரிசல்காட்டான் | செப்டம்பர் 30

இரண்டு தடவை படித்தேன். பதிவில் இருந்தது, இல்லாதது என்று நீங்கள் சொன்ன இடம் எனக்குப் புரிகிறது, எங்கள் அண்ணன் வழக்கும் அங்கேதான் போனது. ஒரு பழைய ரசீது வழக்குக் கட்டில் சேராமலே போய்விட்டது. சரி. ஆனால் என் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. இரண்டு பக்கமும் பேசப் பழகிய பிள்ளை, ஒரு நாள் நிஜமாகவே ஒரு பக்கம் நிற்க வேண்டி வந்தால் நிற்குமா என்பது என் கவலை. அதற்கு இந்தப் போட்டியில் மதிப்பெண் இல்லை. மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள் சகோதரி, என்ன ஆனது என்று வந்து எழுதுங்கள்.


மார்கழிக்கோலம் | நவம்பர் 9

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் தினமும் சாயங்காலம் அடுப்படியில் நான்தான் எதிர்த் தரப்பு வக்கீல். முதல் வாரம் என் கேள்வி எல்லாமே “ஏன்” என்று ஆரம்பித்தது, அவள் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசித் தப்பித்துவிடுவாள். அப்புறம்தான் குறுக்கு விசாரணையில் ஏன் என்று கேட்கக் கூடாது என்பதே எனக்குப் புரிந்தது. ஒரு நாள் அவளே நிறுத்தி, “அம்மா, நீங்கள் ஒரே கேள்வியில் இரண்டு கேள்வி கேட்கிறீர்கள், எதற்குப் பதில் சொல்ல?” என்றாள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

போட்டி அன்று நிஜக் கோர்ட் அறை. பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது, விசாரணை நடக்கும்போது கோச்சும் பிள்ளைகளோடு பேசக் கூடாது. எந்தப் பள்ளி என்று நீதிபதிகளுக்குத் தெரியாமல் இருக்க அணிக்கு வெறும் எண்தான். வீட்டுக்காரரும் நானும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது சுற்று. எதிர் அட்டர்னி ஒரு பையன், நல்ல கூர்மை. “சத்தம் கேட்டபோது கதவு திறந்திருந்தது, சரியா?” என்று கேட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் கிழித்துப்போட்ட அந்த நாலு பக்கத்தில் இந்தக் கேள்வி இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது என்று எங்கள் தரப்புக்குத் தோதாக அழகான பதில் எழுதியிருந்தேன். வாக்குமூலத்தில் கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நானாகக் கற்பனை செய்தது அது.

மகள் கொஞ்சம் யோசித்தாள். நாலைந்து நொடிதான் இருக்கும், எனக்கு நீளமாகத் தெரிந்தது. “நான் கதவைக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியாது” என்றாள். அந்தப் பையன் விடவில்லை, “கவனிக்கவில்லை என்றால், மற்ற விஷயங்களையும் நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம், சரியா?” என்றான். “சிலதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்ததை மட்டும்தான் என் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன்” என்றாள். இதை நான் சொல்லித்தரவில்லை. கோச்சும் சொல்லித்தரவில்லையாம், கேட்டுவிட்டேன்.

மூன்று சுற்றில் ஒன்றில் ஜெயித்தார்கள், ஸ்டேட் போட்டிக்குப் போகவில்லை. எங்கள் முடிவுரைப் பெண் கடைசிச் சுற்றில் நேரம் முடிந்தது என்று நிறுத்தப்பட்டதும் வெளியே வந்து தேம்பித் தேம்பி அழுதாள். இவள்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செப்டம்பரில் அந்த இடத்துக்காக அழுதவள் இவள்.

மறுநாள் ஊருக்கு வீடியோ கால். மாமியார் மறக்கவில்லை. “என்ன சாட்சி சொன்னாய்?” என்று கேட்டார். இவள் கதவு விஷயத்தை முழுசாகத் தமிழில் சொன்னாள், கொஞ்சம் திக்கித் திணறி. “தெரியாதுன்னு சொன்னதுக்கு மார்க் குறைச்சாங்களா?” என்று கேட்டார். இல்லை பாட்டி என்றதும், அந்தப் பையன் அடுத்து என்ன கேட்டான் என்று கேட்டார். இருபது நிமிஷம் அதே பேச்சு.

கரிசல்காட்டான் அண்ணா, உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அவள் எட்டாம் வகுப்பிலும் விட்னஸாகவே வருகிறேன் என்கிறாள். பார்க்கலாம்.


பழைய வக்கீல் | நவம்பர் 9

உங்கள் அணி எண் என்னவென்று இங்கே எழுதாதீர்கள் அம்மா, மதிப்பெண் போட்டவர்களில் நானும் இருந்திருக்கலாம். அந்த நாலைந்து நொடி யோசித்தாளே, அதைக் குழந்தையிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லத் தொடங்குகிற சாட்சிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், இரண்டு நாட்டிலும்.


எட்டாம் வகுப்பு அப்பா | நவம்பர் 10

வாழ்த்துகள் மேடம். எங்கள் வீட்டில் சின்னவன் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு, அவனும் கேட்கிறான். இந்த அடுப்படிக் கேள்விகளை எப்படி ஆரம்பித்தீர்கள், முதல் வாரம் எத்தனை நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுத முடியுமா? எங்கள் வீட்டில் சமையல் என் வேலைதான்.